காற்று, தண்ணீர், சாப்பாடு.. அவ்வளவுதானா? ‘உயிர் வாழ என்ன தேவை’ என்று குழந்தைக்கு எப்படிச் சொல்லித் தருவது? கல்வராயன் மலையிலிருந்து ஒரு விளக்கம்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு, “உயிர் வாழ என்னென்ன தேவை?” என்று கேட்டுப் பாருங்கள். “காற்று, நீர், உணவு, இருப்பிடம்” என்று ஒரே மூச்சில் பதில் வந்துவிடும். அடுத்ததாக, சமையலறை டப்பாவில் இருக்கும் பச்சைப்பயறைக் காட்டி, “இதுக்கு உயிர் இருக்கா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் வண்டி அங்கேதான் நிற்கும். பிள்ளைக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும்.

உயிர் இருக்கிறது. டப்பாவுக்குள் அது மிக மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் பட்டால் ஒன்றிரண்டு நாளில் முளை விடும்.

நாலு வார்த்தையை மனப்பாடம் செய்வது வேறு, ஓர் உயிருக்கு எது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று புரிந்துகொள்வது வேறு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்பு சூழ்நிலையியல் பாடத்திலேயே உயிருள்ளவை, உயிரற்றவை வந்துவிடுகிறது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிக் கொண்டு போவது? கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையை வைத்துப் பார்க்கலாம். ஏன் இந்த மலை என்பது போகப் போகப் புரியும்.

கல்வராயன் மலை எங்கே இருக்கு?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு நடுவே பரந்து கிடக்கிறது. வடக்கே சின்ன கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். சமவெளியிலிருந்து ஏறினால் 2,000 முதல் 4,000 அடி வரை உயரம். கோமுகி, மணிமுக்தா ஆறுகள் இங்கிருந்துதான் இறங்குகின்றன. விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மலைக்கு வெள்ளிமலையைத் தலைமையிடமாக வைத்துத் தனி வட்டமும் உண்டு.

மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். (பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ்.) நீண்ட காலம் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சமவெளியில் நாடு சுதந்திரம் பெற்று 29 வருஷம் கழித்து! சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இங்கே தாமதமாக ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாமை, தினை, மரவள்ளி, மக்காச்சோளம் பயிர். ஆடு, மாடு, கோழி இல்லாத வீடு குறைவு. கடுக்காய், தேன் காட்டிலிருந்து வரும். ஆக, ஒரு குழந்தை கண் விழித்ததும் பார்ப்பதே உயிர்களைத்தான். ‘உயிர்களுக்கு என்ன தேவை’ பாடத்துக்கு இதைவிட நல்ல வகுப்பறை அமையாது.

குழந்தை எதையெல்லாம் ‘உயிர்’னு நினைக்குது?

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே குழந்தைகளிடம் இதைக் கேட்டுப் பார்த்தார். சின்ன வயதில் அசைவதெல்லாம் உயிர். சூரியன், மேகம், ஆறு, சைக்கிள் எல்லாமே! கொஞ்சம் வளர்ந்ததும் ‘தானாக அசைவது’ மட்டும் உயிர். அதற்குப் பிறகுதான் விலங்கும் செடியும் மட்டும் உயிர் என்ற இடத்துக்குக் குழந்தை வந்து சேர்கிறது. இதில் கடைசியாகச் சேர்வது செடிதான். அது அசையாதே!

நம் பேச்சும் குழந்தையைக் குழப்பத்தான் செய்கிறது. ஆறு ‘ஓடுது’, பஸ் ‘ஓடுது’, கடிகாரம் ‘ஓடுது’. போன் பேட்டரி ‘செத்துப் போச்சு’. மரம் மட்டும் சும்மா ‘நிக்குது’. இதைக் கேட்டு வளரும் பிள்ளை, பஸ்ஸுக்கு உயிர் இருக்கு, புளியமரத்துக்கு இல்லை என்று சொன்னால் அதன் தப்பா?

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நம் மொழியில் உயர்திணை, அஃறிணை என்று இரண்டே பிரிவு. நாயும் ‘அது’, மரமும் ‘அது’, கல்லும் ‘அது’. உயிருள்ளதா இல்லையா என்பதற்குச் சொல்லிலேயே அடையாளம் கிடையாது. போதாக்குறைக்கு, அதே ஒன்றாம் வகுப்பில் அ, ஆ-வுக்குப் பெயர் ‘உயிர் எழுத்து’. “அ-வுக்கு உயிர் இருந்தா, அது என்ன சாப்பிடும்?” என்று ஒரு பிள்ளை கேட்டால் சிரிக்காதீர்கள். கேள்வி சரியானதுதான்.

ஆனால் அதே தமிழில் தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை வரிசைப்படுத்தும்போது, புல்லையும் மரத்தையும் தொடு உணர்வு உள்ள ஓரறிவு உயிர்களாகச் சேர்த்திருக்கிறது. செடிக்கு உயிர் உண்டு என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை. வகுப்பறைக்குள் வரும்போதுதான் அது நான்கு வார்த்தைப் பட்டியலாகச் சுருங்கிப் போகிறது.

மலைப் பிள்ளைகளுக்குக் கூடுதலா ஏதாவது தெரியுமா?

அமெரிக்க ஆய்வாளர் சூசன் கேரி 1985-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கருத்தை முன்வைத்தார். சின்னக் குழந்தைகள் எல்லா உயிரையும் மனிதனை அளவுகோலாக வைத்தே யோசிக்கிறார்கள் என்பது அது. “மனிதனுக்குள் இந்த உறுப்பு இருக்கு” என்றால் நாய்க்கும் இருக்கும் என்று ஒத்துக்கொள்வார்கள். “நாய்க்கு இருக்கு” என்றால் மனிதனுக்கும் இருக்குமா என்பதில் தயக்கம். பாஸ்டன் பக்கத்துக் குழந்தைகளிடம் கிடைத்த முடிவு இது.

பிறகு டக்ளஸ் மெடின், ஸ்காட் அட்ரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் மெனாமினி பழங்குடிக் குழந்தைகளிடம் இதையே கேட்டார்கள். 2003-ல் வந்த அந்த ஆய்வில், மனிதனை மையமாக வைக்கும் பழக்கம் அந்தக் குழந்தைகளிடம் தென்படவில்லை. எந்த உயிர் எதைச் சாப்பிடுகிறது, எது எங்கே இருக்கிறது என்ற உறவுகளை வைத்தே அவர்கள் யோசித்தார்கள். காட்டோடும் ஏரியோடும் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

ஜப்பானில் கயோகோ இனாகாகி 1990-ல் செய்தது இன்னும் சுவாரசியம். வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுக் குழந்தைகளையும் வளர்க்காதவர்களையும் ஒப்பிட்டார். கேள்வி தங்கமீனைப் பற்றி மட்டுமல்ல, அவர்கள் வளர்த்தே இராத தவளையைப் பற்றியும்தான். தவளைக் குஞ்சை அப்படியே குட்டியாகவே வைத்திருக்க முடியுமா? மீன் வளர்த்த பிள்ளைகள், “முடியாது, என் மீன் பெருசாச்சு, அதே மாதிரி தவளையும் ஆகும்” என்கிற ரீதியில் யோசித்தார்கள். ஓர் உயிரைக் கவனித்து வளர்த்த அனுபவம், பார்க்காத உயிருக்கும் கைகொடுக்கிறது.

இவை கல்வராயன் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகள் இல்லை. ஆனால் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும் அறிவைப் பள்ளிக்கூடம் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு இவை நல்ல குறிப்பு. இரண்டு உதாரணம் மட்டும் பார்ப்போம்.

மரவள்ளிக் கரணை. கள்ளக்குறிச்சி, சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். காய்ந்தது போலத் தெரியும் ஒரு சாண் குச்சியை வெட்டி மண்ணில் நட்டால், பத்து பதினைந்து நாளில் துளிர் விடும். ஒன்பது, பத்து மாதத்தில் கிழங்கு. நடும்போது அந்தக் குச்சிக்கு உயிர் இருந்ததா? பக்கத்திலேயே அடுப்புக்கு ஒடித்த விறகுக் குச்சியும் கிடக்கிறது. அதை நட்டால் துளிர்க்குமா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.

அடுத்தது ஆடும் மரவள்ளி இலையும். ‘உயிர்களுக்கு உணவு தேவை’ என்கிறது பாடம். சரி, எந்த உணவு? மரவள்ளியின் இலையிலும் தோலிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கிழங்கைத் தோல் சீவி, வேக வைத்து நாம் சாப்பிடுகிறோம். அதே செடியின் பச்சை இலையை ஆடு நிறைய மேய்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மரவள்ளிக் காட்டுப் பக்கம் ஆட்டை விடாமல் ஓட்டுவார்கள். ஒருவருக்கு உணவு, இன்னொருவருக்கு நஞ்சு. மேய்க்கப் போகும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இது அத்துப்படி. ஆனால் வகுப்பில் யாரும் அதைக் கேட்பதில்லை, பரீட்சையில் அதற்கு மார்க்கும் இல்லை.

‘உணவு, உடை, இருப்பிடம்’ இதில் எங்கே வருது?

இங்கேதான் பெரிய குழப்பம். மனிதனின் அடிப்படைத் தேவை உணவு, உடை, இருப்பிடம் என்று ஒரு பாடம். உயிர்களின் தேவை காற்று, நீர், உணவு என்று இன்னொரு பாடம். இரண்டும் பிள்ளையின் மண்டையில் ஒன்றாகக் கலந்துவிடும். ஆட்டுக்கு என்ன தேவை என்றால் ‘உடை’ என்று எழுதும் பிள்ளையை ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள்.

முதல் பட்டியல் சமூகம் சொல்வது: மனிதன் மானத்தோடு வாழ என்ன வேண்டும் என்பது. இரண்டாவது உடம்பு கேட்பது. காற்று இல்லாமல் மனிதன் சில நிமிடம் தாங்குவான். தண்ணீர் இல்லாமல் சில நாள். சாப்பாடு இல்லாமல் சில வாரம். ‘எது இல்லாட்டி எவ்வளவு நேரம்?’ என்று வரிசைப்படுத்தச் சொன்னால், பிள்ளை தானாகவே இரண்டு பட்டியலையும் பிரித்துவிடும்.

அதே போல ‘இருப்பிடம்’ என்றதும் வீடு, கூடு, வளை என்று படம் ஒட்டச் சொல்வார்கள். மரத்துக்கு என்ன இருப்பிடம்? அதற்குக் கூரை வேண்டாம், வேர் இறங்க இடம் வேண்டும். நெருக்கி விதைத்த சாமையைக் களைந்து இடைவெளி விடுவது எதற்கு என்று அம்மாவைக் கேட்டு வரச் சொல்லுங்கள். பதில் புத்தகத்தைவிடத் தெளிவாக வரும்.

பட்டியலில் விட்டுப்போன ஒண்ணு

சூடு. அளவான சூடு.

கோழி அடைகாப்பதைப் பார்க்காத மலைப் பிள்ளை இருக்காது. 21 நாள். கோழி முட்டைக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை, தீனி போடுவதில்லை. தேவையானதெல்லாம் ஓட்டுக்குள்ளேயே இருக்கிறது. காற்றுகூட ஓட்டில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே போகிறது. கோழி கொடுப்பது சூடு மட்டும்தான், சுமார் 37 டிகிரி. அதுவும் நடுநடுவே முட்டையைத் திருப்பிப் போட்டு, எல்லாப் பக்கமும் சமமாகக் கொடுக்கும். அடையை விட்டு எழுந்து நீண்ட நேரம் போய்விட்டால் கரு செத்துவிடும்.

சமவெளி வீட்டில் கோழி இல்லையா? இட்லி மாவு இருக்கிறதே. அதைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், லாக்டோபேசிலஸ், லூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் புளிக்கும், மார்கழியில் மெதுவாக. பிரிட்ஜில் வைத்தால் புளிப்பது ரொம்பவே தாமதமாகும். உயிருக்குச் சூடு எவ்வளவு முக்கியம் என்று காட்ட இரண்டு டம்ளர் மாவு போதும். இவற்றில் பல, காற்று இல்லாமலும் பிழைக்கும். அதனால் ‘எல்லா உயிருக்கும் காற்று கட்டாயம்’ என்பதும் முழு உண்மை இல்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பில் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

நாலு கொட்டாங்குச்சி: வீட்டிலேயே செய்யலாம், ஆனா அவசரப்படாதீங்க

பச்சைப்பயறை இரவு ஊற வையுங்கள். மூன்று கொட்டாங்குச்சியில் ஈரத்துணி அல்லது மண் போட்டுப் பயறைத் தூவுங்கள். முதலாவதை வெளிச்சம் படும் இடத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளியுங்கள். இரண்டாவதில் ஊறாத பயறைக் காய்ந்த மண்ணில் போட்டு, அப்படியே விடுங்கள். மூன்றாவதுக்குத் தண்ணீர் உண்டு, ஆனால் ஒரு டப்பாவால் மூடி இருட்டில் வையுங்கள். நாலாவது காற்று இல்லாதது. அதற்குக் கொட்டாங்குச்சி வேண்டாம், ஒரு டம்ளர் நல்லது. கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பிப் பயறைப் போட்டு, மேலே மெல்லிசாக எண்ணெய் ஊற்றிவிடுங்கள்.

காய்ந்த மண்ணில் எதுவும் நடக்காது. நாலாவதில் பயறு உப்பும், சிலதில் தோல் வெடிக்கும், ஆனால் முளை வளராது. சில நாளில் நாற்றம் வரும். வயலில் தண்ணீர் தேங்கினால் மரவள்ளி அழுகுவது ஏன் என்று இப்போது கேளுங்கள். வேருக்கும் காற்று வேண்டும். (நெல் மட்டும் எப்படித் தண்ணீருக்குள் நிற்கிறது? அதன் தண்டுக்குள் வேர் வரைக்கும் காற்று போக வழி இருக்கிறது.)

சிக்கலே மூன்றாவதில்தான். நாலாம் நாள் பார்த்தால், இருட்டில் இருந்த பயறுதான் உயரமாக வளர்ந்திருக்கும்! வெளிச்சத்தில் இருந்தது குட்டையாக நிற்கும். “செடிக்கு வெளிச்சம் தேவை” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு இதைக் காட்டினால் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? வெளிச்சம் வேண்டாம் என்றுதான். பல வீடுகளிலும் வகுப்புகளிலும் இந்தச் சோதனையை நாலாம் நாளிலேயே முடித்துவிடுகிறார்கள். அதுதான் தப்பு.

நடப்பது இதுதான். முளைக்கும் விதைக்கு வெளிச்சம் தேவையில்லை, மண்ணும் தேவையில்லை. பருப்புக்குள்ளேயே சாப்பாடு கட்டி வைத்திருக்கிறது. இருட்டில் முளைத்தால், மண்ணுக்குள் புதைந்திருப்பதாகக் கணக்குப் போட்டு, வெளிச்சத்தைத் தேடி இருப்பதையெல்லாம் செலவழித்து உயரும். அதனால்தான் வெளுத்து, மெலிந்து, நெட்டையாக நிற்கிறது. இரண்டு வாரம் ஆனதும் கட்டுச்சோறு தீரும். இருட்டுச் செடி சாயும். வெளிச்சத்துச் செடி பச்சை இலையோடு நிற்கும்.

தினமும் பிள்ளையை ஒரு கோடு போட்டு உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். நாலாம் நாள் அது ஏமாறட்டும். பதினைந்தாம் நாள் அது கண்டுபிடிப்பதை, எந்த மனப்பாடமும் கொடுக்காது.

ஒரு எச்சரிக்கை. ‘இல்லாட்டி என்ன ஆகும்’ என்பதை விதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புழு, எறும்பு, கோழிக்குஞ்சு என்று எதையும் டப்பாவில் அடைத்துத் தண்ணீர் தராமல் சோதிக்கக் கூடாது. அவற்றை இருக்கும் இடத்தில் பார்த்தால் போதும்.

செடி மண்ணைச் சாப்பிடுதா?

பெரியவர்களும் தடுக்கி விழும் கேள்வி. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் 1600-களில் இதைச் சோதித்தார். காய்ந்த மண் 200 பவுண்டு எடைபோட்டுத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் போனது. மண்ணோ வெறும் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவுக்குத்தான் குறைந்திருந்தது! மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. மரத்தின் உடம்பில் பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. மண் கொடுப்பது சத்து உப்புகள். அளவில் கொஞ்சம், ஆனால் அது இல்லாமலும் ஆகாது.

“ராத்திரி புளியமரத்தடியில் படுக்காதே” என்பதற்கு, மரம் கார்பன் டை ஆக்சைடு விடும் என்று இன்று விளக்கம் சொல்கிறார்கள். மரம் இரவும் பகலும் மூச்சு விடுவது உண்மை. ஆனால் திறந்த வெளியில் அது ஆளைப் பாதிக்கும் அளவே இல்லை. பேய் கதை போய் வாயு கதை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் நடக்குமா?

நடக்க வழி இருக்கிறது. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது. கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. இரண்டுமே ‘செய்து படி’ என்பவைதான். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் மலைப் பள்ளிகளில், நாலு கொட்டாங்குச்சிப் பாடம் எல்லா வயதுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும். சின்னவர்கள் தண்ணீர் தெளிக்கலாம், பெரியவர்கள் அளவு எழுதலாம்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. வேலை இல்லாத மாதங்களில் மலையிலிருந்து குடும்பங்கள் கேரளா, கர்நாடகா காபித் தோட்டங்களுக்குப் போகின்றன. சில பிள்ளைகளும் கூடவே போய்விடுகிறார்கள். பதினைந்து நாள் தொடர்ந்து வகுப்புக்கு வந்தால்தானே இருட்டுச் செடி சாய்வதைப் பார்க்க முடியும்? மலையில் இயங்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் தேவை இங்கேதான் தெரிகிறது. பெற்றோர் போனாலும் பிள்ளை தங்கிப் படிக்கலாம்.

இன்னொரு தடை, வெறும் வயிறு. ‘உயிர்களுக்கு உணவு தேவை’ என்று பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் எடுப்பது எவ்வளவு அபத்தம்! 2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் சேர்ந்த 1,545 பள்ளிகளில் 237 பள்ளிகள் தொலைதூர மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இந்தப் பாடத்துக்கான சிறந்த துணைக்கருவி எது என்று கேட்டால், காலை எட்டேகால் மணிக்கு வரும் உப்புமாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சாவைப் பற்றிக் கேட்டா என்ன சொல்வது?

‘எது இல்லாட்டி என்ன ஆகும்’ என்று ஆரம்பித்தால், பிள்ளை கட்டாயம் இந்தக் கேள்விக்கு வந்துவிடும். கள்ளக்குறிச்சியில் இது வெறும் பாடக் கேள்வி இல்லை. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப் பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அப்பாவை, அம்மாவை, சில வீடுகளில் இருவரையும் பிள்ளைகள் இழந்தார்கள். இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அடுத்த மாதமே, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் “தண்ணி இல்லாட்டி செத்துப் போயிடுவோம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

சாவு என்பதில் குழந்தைக்குப் புரிய வேண்டியவை சில உண்டு. செத்தவர் திரும்ப வரமாட்டார். உடம்பு முழுசாக வேலையை நிறுத்திவிட்டது, மூச்சு இல்லை, பசி இல்லை, வலி இல்லை. எல்லா உயிருக்கும் ஒரு நாள் இது உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் இதற்கு வந்து சேர்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது, சரியாக ஒன்றாம், இரண்டாம் வகுப்பு வயது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் விர்ஜினியா ஸ்லாட்டர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியம். இதயம், நுரையீரல், வயிறு எல்லாம் உயிரைக் காக்க எப்படி வேலை செய்கின்றன என்று சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தபோது, சாவைப் பற்றிய அவர்களின் புரிதலும் கூடியது. யாரும் அவர்களுக்குச் சாவைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை! நான்கு வருஷம் கழித்து வந்த இன்னோர் ஆய்வில், சாவை உடம்பின் கணக்கில் நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகளுக்கு அதன் மீது பயம் குறைவாக இருப்பதும் தெரிந்தது.

நாம் என்ன செய்கிறோம்? “அப்பா தூங்குறாரு”, “சாமிகிட்ட ஊருக்குப் போயிருக்காங்க” என்கிறோம். அன்பில் சொல்வதுதான். ஆனால் தூங்கினால் எழுந்திருக்க வேண்டுமே, ஊருக்குப் போனால் திரும்பி வர வேண்டுமே என்று பிள்ளை காத்திருக்கும். சில பிள்ளைகள் தூங்கவே பயப்படும். “அப்பாவோட உடம்பு வேலை செய்யறத நிறுத்திருச்சு. இனி வராது. நீ செஞ்ச எதனாலயும் இல்ல” என்று நேராகச் சொல்வது கடினம், ஆனால் பிள்ளைக்கு அதுதான் எளிது. நம்பிக்கை சார்ந்த ஆறுதலை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம், தடையில்லை.

வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளை இருந்தால், பாடத்தை மனிதனிலிருந்து தொடங்க வேண்டாம். மரவள்ளிக் குச்சியிலிருந்தோ பயறிலிருந்தோ தொடங்குங்கள். பேச விரும்பினால் அந்தப் பிள்ளையே மனிதனுக்கு வரும்.

இன்னும் ஒரு கேள்வி மட்டும் பாக்கி: தீக்கு உயிர் இருக்கா?

புத்திசாலிப் பிள்ளைகள் ஒரு நாள் இதைக் கேட்கும். தீ அசையுது, வளருது, விறகைத் தின்னுது, காற்றை மூடினா அணையுது, ஒன்றிலிருந்து இன்னொன்று பத்திக்குது. பட்டியலில் உள்ள எல்லாமே பொருந்துகிறது! பட்டியலை மட்டும் படித்த பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும்.

தீ எதைத் தின்றாலும் அதைக் கொண்டு தன் உடம்பைக் கட்டுவதில்லை, காயம் பட்டால் ஆற்றிக்கொள்வதும் இல்லை. பயறு அந்த இரண்டையும் செய்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இனாகாகியும் ஹதானோவும் பேசியபோது, ஆறு வயதுக் குழந்தைகள் ‘சாப்பாட்டிலிருந்து ஒரு சக்தி உடம்புக்குள் போகிறது, அதனால் வளர்கிறோம்’ என்ற விளக்கத்தையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். நம்மிடம் அதற்குத் தயாரான சொல் இருக்கிறது: தெம்பு. “சாப்பிட்டாத்தான் தெம்பு வரும்” என்று நாம் தினமும் சொல்வதிலிருந்து பிள்ளை பாதி தூரம் வந்துவிட்டது. “விறகு போட்டா தீக்குத் தெம்பு வருமா? அந்தத் தெம்பை வெச்சு அது என்ன செய்யும்?” என்று திருப்பிக் கேளுங்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். இரண்டு நாள் யோசிக்கட்டும்.

பயறுச் செடி மிச்சமிருந்தால் தூக்கிப் போட வேண்டாம். வீட்டோரம் வெயில் படும் இடத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துக் காய் பிடிக்கும். அதை உரித்து மறுபடி ஊறப்போடும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.